நரம்பு கிடைக்காத கைகள்

"நரம்பே கிடைக்க மாட்டேங்குது..."

ஆஸ்பத்திரி வார்டுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், நர்ஸ் வந்து கையைத் தட்டிப் பார்க்கிறார், ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார், விரல்களை மடக்கச் சொல்கிறார், குத்துகிறார். கிடைக்கவில்லை. இன்னொரு இடம். அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த கை. உண்மையில் அங்கே தேடப்படுவது நரம்பு அல்ல. உணர்ச்சியைக் கடத்துவதுதான் நரம்பு. ஊசி போக வேண்டியது சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள். ஆனாலும் நம் ஊரில் எல்லோர் வாயிலும் அது நரம்புதான். உள்ளே விட்டு வைக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு 'வென்ஃப்ளான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயர். (நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் வந்த கதைதான் :))

பெரும்பாலானவர்களுக்கு முதல் குத்திலோ இரண்டாவது குத்திலோ வேலை முடிந்துவிடும். ஆனால் சிலருக்கு ஒவ்வொரு முறையும் இது சித்திரவதை. பல சுற்று கீமோதெரபி எடுத்துச் சிரைகள் தழும்பேறிப் போனவர்கள், வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், உடல் பருமனானவர்கள், அரிவாள் செல் ரத்தசோகைக்காக மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள், போதை ஊசி போட்டுப் போட்டுச் சிரைகளை இழந்தவர்கள், வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள். கவனித்துப் பார்த்தால் ஒரு கொடுமை தெரியும். யாருக்கு அடிக்கடி ஊசி தேவைப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் சிரை கிடைப்பதில்லை. அடிக்கடி குத்தியதாலேயே கிடைக்காமல் போகிறது.

இவர்களுடைய கையில் சிரை இல்லாமல் இல்லை. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆழத்தைப் பார்க்கக்கூடிய கருவியும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பல வருடங்களாக இருந்தது. அது அவர்கள் படுக்கைக்கு வந்து சேர ஆன காலதாமதம்தான் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம்.

கதை 1656-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்குகிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பிற்காலத்தில் கட்டிய அதே கிறிஸ்டோபர் ரென், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். வாத்து இறகின் தண்டை ஊசியாகவும், விலங்கின் சிறுநீர்ப்பையை மருந்துப் பையாகவும் வைத்து ஒரு நாயின் சிரைக்குள் மருந்தைச் செலுத்திப் பார்த்தார். வாய் வழியாகப் போகாத பொருள் நேரே ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அதை வைத்து மனிதர்களைக் காப்பாற்ற இன்னும் 176 ஆண்டுகள் ஆயின.

1831-ல் பிரிட்டனுக்குள் காலரா நுழைந்தது. வில்லியம் ஓஷாகனஸி என்ற இளம் மருத்துவர், கல்லூரி முடித்துச் சில ஆண்டுகள்கூட ஆகாதவர், நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். அதிலிருந்து நீரும் உப்பும் பெருமளவு வெளியேறிவிட்டன என்று 'லான்செட்' இதழில் எழுதினார். (இவர் பிறகு கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவில் தந்திக் கம்பிகள் போட்ட பணிக்குத் தலைமை தாங்கியவரும் இவரேதான். ஒரே மனிதர் எத்தனை வேலை செய்திருக்கிறார் பாருங்கள்.) அவர் எழுதியதைப் படித்த ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா 1832-ல் செயலில் இறங்கினார். அவருடைய முதல் நோயாளி, எல்லா வைத்தியமும் கைவிட்ட ஒரு மூதாட்டி. லாட்டா அந்த அம்மாளின் கையில் உள்ள பேசிலிக் சிரைக்குள் ஒரு குழாயைச் செருகி உப்புநீரை ஏற்றினார். முதலில் மாற்றமே இல்லை. பிறகு மெதுவாக மூச்சு சீரானது, குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தது. பிழைத்துவிட்டார் என்று நம்பி லாட்டா கிளம்பிவிட்டார். வயிற்றுப்போக்கு திரும்ப வந்தது. அடுத்த ஐந்தரை மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். இன்னும் கொஞ்சம் நீர் ஏற்றியிருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். அடுத்தடுத்த நோயாளிகளில் சிலரை லாட்டா காப்பாற்றினார். மறு வருடமே அவரும் காலமானார்.

பேசிலிக் சிரை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும். மேல்கையின் உட்பக்கம் கொஞ்சம் ஆழத்தில் ஓடும் பருமனான சிரை அது. இந்தக் கதையில் அது மறுபடியும் வரும்.

அதன் பிறகு ஊசி கூர்மையானது, சிரிஞ்ச் வந்தது, கிருமி நீக்கம் வந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை சிரைக்குள் கிடந்தது இரும்பு ஊசிதான். கை கொஞ்சம் அசைந்தால் ஊசி முனை மறுபக்கம் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்காகக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். 1950-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மயக்கவியல் பயிற்சியில் இருந்த டேவிட் மாஸா, இரும்பு ஊசியின் மேல் பிளாஸ்டிக் உறையைப் பொருத்தினார். குத்திய பிறகு இரும்பை உருவிவிடலாம், மிருதுவான பிளாஸ்டிக் மட்டும் உள்ளே தங்கும். இன்று நம் கையில் ஒட்டப்படும் வென்ஃப்ளானின் மூதாதை அதுதான்.

கையில் கிடைக்காவிட்டால்? கணுக்காலருகே தோலைக் கீறிச் சிரையை வெளியே எடுத்துக் குழாய் செருகுவார்கள். 'கட் டவுன்' என்று பெயர். 1950-களில் இன்னொரு வழி திறந்தது. 1952-ல் பிரெஞ்சு மருத்துவர் ஒபானியாக், காறை எலும்புக்குக் கீழே உள்ள பெருஞ்சிரையில் ஊசி இறக்கும் முறையை வெளியிட்டார். 1953-ல் ஸ்வீடனின் ஸெல்டிங்கர், முதலில் ஊசி, ஊசி வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு குழாய் என்ற எளிய தந்திரத்தைச் சொன்னார். இரண்டும் சேர்ந்து, கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய சிரைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன.

தீவிர சிகிச்சைக்கு இது வரப்பிரசாதம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. கையில் சாதாரண ஊசி கிடைக்காத காரணத்துக்காகவே ஒருவர் கழுத்தில் குழாயோடு படுக்க வேண்டியதாயிற்று. கழுத்துச் சிரைக்குப் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி ஓடுகிறது. கொஞ்சம் கீழே நுரையீரலின் நுனி. ஊசி தவறினால் ரத்தக்கட்டு, நுரையீரல் சுருக்கம். தவறாமல் போனாலும் குழாய் வழியே கிருமி ரத்தத்தில் இறங்கும் அபாயம். இத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதற்குச் சமம். தசை எங்கே, எலும்பு எங்கே என்று வெளி அடையாளங்களைத் தடவிப் பார்த்து, உள்ளே சிரை இங்கேதான் இருக்கும் என்று ஊகித்துக் குத்துவது. எல்லா மனிதருக்கும் உடற்கூறு பாடப்புத்தகத்தில் உள்ளபடி இருப்பதில்லையே!

இனி ஒலியின் கதை. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு விஞ்ஞானி லாங்ஜெவன், குவார்ட்ஸ் படிகங்களை அதிர வைத்துக் காதுக்குக் கேட்காத ஒலியைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். படிகத்துக்கு இந்தக் குணம் உண்டு என்று 1880-ல் கண்டறிந்தவர்கள் க்யூரி சகோதரர்கள். பிறகு இதே உத்தி தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் விரிசல் பார்க்கப் பயன்பட்டது. 1955-ல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளை இரண்டு கார்களின் டிக்கியில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். கம்பெனிக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்கள்! விரிசல் பார்க்கும் இயந்திரம், நீர் நிரம்பிய கட்டியையும் கெட்டியான கட்டியையும் பிரித்துக் காட்டியது. 1958-ல் அவரும் சகாக்களும் லான்செட்டில் எழுதிய கட்டுரையோடு அல்ட்ராசவுண்ட் மருத்துவத்துக்குள் உறுதியாகக் காலடி வைத்தது.

அல்ட்ராசவுண்ட் திரையில் நீர் கறுப்பாகத் தெரியும், எலும்பு வெள்ளையாகத் தெரியும். ரத்தமும் திரவம்தானே? ஆக, ரத்தக்குழாய் என்பது திரையில் ஒரு கறுப்பு வட்டம். அது சிரையா தமனியா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்புகூட வேண்டாம். கருவியை லேசாக அழுத்தினால் சிரை அமுங்கி மறைந்துவிடும். தமனி அமுங்காமல் துடித்துக்கொண்டு நிற்கும். இவ்வளவு எளிய விஷயத்தை 1960-களிலேயே ஏன் யாரும் செய்யவில்லை என்று தோன்றலாம். ஆரம்பகால இயந்திரங்கள் அசையாத படத்தைத்தான் தரும், அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது நியாயமான பதில். ஊசி நகர நகரப் பார்க்க வேண்டுமென்றால் படமும் ஓட வேண்டும். அது பரவலானது 1970-களில்தான்.

1978-ல் டாப்ளர் முறையில், அதாவது ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, கழுத்துச் சிரையைக் கண்டுபிடிக்கலாம் என்று மயக்கவியல் மருத்துவர்கள் எழுதினார்கள். 1986-ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்தில் ஊசி போட்டதைப் பதிவு செய்தார்கள். 1993-ல் 'சர்குலேஷன்' இதழில் டெனிஸ் குழுவினரின் ஆய்வு வந்தது. அடையாளம் பார்த்துக் குத்திய 302 பேரில் வெற்றி 88 சதவீதம்; அல்ட்ராசவுண்டோடு குத்திய 928 பேரில் 100 சதவீதம். முதல் குத்திலேயே கிடைத்தது 38 சதவீதத்திலிருந்து 78 ஆக உயர்ந்தது. தமனியில் தவறிக் குத்தியது 8.3 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் நடைமுறை அசையவில்லை. 2001-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நோயாளியின் பாதுகாப்புக்கான 79 நடைமுறைகளை அலசி, உடனே பரவலாக்க வேண்டியவை என்று 11-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதினொன்றில் இதுவும் ஒன்று. 2002 செப்டம்பரில் பிரிட்டனின் 'நைஸ்' (எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவிடுவது சரி என்று ஆராய்ந்து சொல்லும் அமைப்பு), அவசரமில்லாத நேரங்களில் கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது அல்ட்ராசவுண்டையே முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. கிளம்பியது எதிர்ப்பு. பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கு இது எதற்கு, எல்லோரும் திரையைப் பார்த்தே பழகிவிட்டால் கை வித்தை மறந்துபோகாதா, இயந்திரம் இல்லாத இரவில் என்ன செய்வது என்று மருத்துவ இதழ்களில் கடிதங்கள் வந்தன. கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மற்றவற்றில் தொழில் பெருமிதத்தின் வாசனை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கிறது.

பணக் கணக்கு இந்த இடத்தில் சுவாரசியமானது. இயந்திரம் விலை அதிகம், ஆகவே செலவு ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நைஸுக்காகப் பொருளாதாரக் கணக்குப் போட்டவர்கள் கண்டது வேறு. ஆயிரம் நோயாளிகளுக்கு 90 தமனிக் குத்துகள் தவிர்க்கப்படும், தலைக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு மிச்சம்! தவறிய குத்தால் வரும் கூடுதல் சிகிச்சை, வீணாகும் நேரம் எல்லாம் முன்பு யாருடைய பேரேட்டிலும் தனி வரியாக எழுதப்பட்டதில்லை. இயந்திரத்தின் விலைக்கு மட்டும் ரசீது இருந்தது. ஆனால் அந்த மிச்சம்கூட இயந்திரம் சும்மா கிடக்காமல் பலருக்கும் பயன்பட்டால்தான்.

இத்தனை வாதமும் கழுத்தைப் பற்றித்தான் என்பதைக் கவனிக்கவும். கையில் ஊசி போடுவது நர்ஸ் வேலை, சின்ன வேலை. அதற்குப் போய் ஸ்கேன் இயந்திரமா என்ற எண்ணம் இருந்தது. அதை முதலில் உடைத்த ஆய்வுகளில் ஒன்று 1999-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள ஒரு பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தது. கீஸும் சகாக்களும், இரண்டு முறை குத்தியும் சிரை கிடைக்காதவர்களை எடுத்துக்கொண்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்து மேல்கையின் ஆழ்ந்த சிரைகளில் ஊசி போட்டார்கள். அவர்கள் தேடிப் போனவற்றில் ஒன்று பேசிலிக் சிரை. ஆம், 1832-ல் லாட்டா குழாய் செருகிய அதே சிரை! 100-க்கு 91 பேரில் வெற்றி, அதிலும் 73 பேருக்கு முதல் குத்திலேயே. இருவருக்கு ஊசி தமனியில் பட்டது. எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் குழாய் நழுவியது அல்லது மருந்து தசைக்குள் கசிந்தது.

செய்முறை இதுதான். ஜெல் தடவிய கருவியை இடது கையில் பிடித்துச் சிரையைக் குறுக்குவெட்டாகத் திரையின் நடுவே கொண்டுவர வேண்டும். இந்தக் கருவி அனுப்பும் ஒலி நொடிக்கு 50 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை இருக்கும். வயிற்றைப் பார்ப்பதைவிட அதிகம், ஏனென்றால் ஆழம் குறைவு, நுணுக்கம் தேவை. வலது கையால் ஊசியைச் சாய்த்து இறக்கினால் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். சிக்கல் அந்தப் புள்ளியில் இருக்கிறது. அது ஊசியின் முனையாகவும் இருக்கலாம், ஊசித் தண்டின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். குறுக்குவெட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தண்டை முனை என்று நினைத்து இன்னும் தள்ளினால், முனை சிரையின் பின்சுவரைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் கொஞ்சம் தள்ளு, கருவியை நகர்த்தி முனையைத் தேடு, மறுபடி கொஞ்சம் தள்ளு என்று போக வேண்டும். பார்க்க வீடியோ கேம் மாதிரி இருக்கும், எதிரில் இருப்பது மட்டும் ஒருவரின் கை.

இதை நர்ஸ்களால் கற்க முடியுமா? 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற அவசரப் பிரிவு நர்ஸ்கள் 321 முயற்சிகளில் 87 சதவீதம் வெற்றி பெற்றார்கள். இந்தக் கதையில் இயந்திரம் கைமாறிய உண்மையான இடம் இதுதான். ரேடியாலஜி அறையிலிருந்து மயக்க மருத்துவரிடம், அவரிடமிருந்து அவசரப் பிரிவு டாக்டரிடம், அவரிடமிருந்து தினமும் ஊசி போடுகிறவரின் கைக்கு. இயந்திரம் சிறியதாகியிருந்ததும் உதவியது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில், போர்க்களத்துக்கென்று பிறந்த சோனோசைட் 1999-ல் கையில் தூக்கிப் போகும் அளவில், இரண்டரைக் கிலோ எடையில் வந்துவிட்டது.

2005-ல் காஸ்டன்டினோ குழுவினர் 60 பேரிடம் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவானது. நர்ஸ்கள் மூன்று முறை முயன்றும் கிடைக்காதவர்கள் அவர்கள். வழக்கமான முறையைத் தொடர்ந்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் சிரை கிடைத்தது. அல்ட்ராசவுண்டில் 97 சதவீதம். நேரம் 30 நிமிடத்திலிருந்து 13 நிமிடமானது. குத்துகள் சராசரியாக 3.7-லிருந்து 1.7. எல்லா ஆய்வும் இப்படி ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ல் வந்த ஒரு ஆய்வில் குத்துகளின் எண்ணிக்கையிலும் நேரத்திலும் வித்தியாசமே தென்படவில்லை. 2010-ல் வந்த இன்னொன்று, இப்படிப் போட்ட குழாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை (47 சதவீதம்) ஒரு நாளுக்குள் பழுதாகின்றன என்றது. காரணம் எளிது. சிரை ஆழத்தில் இருக்கிறது, வழக்கமான குழாயின் பெரும்பகுதி தோலுக்கும் சிரைக்கும் நடுவிலேயே செலவாகிவிடுகிறது, உள்ளே எஞ்சுவது நுனி மட்டும். கை அசைந்தால் அதுவும் வெளியே. அதனால்தான் இதற்கென்றே நீளமான குழாய்கள் புழக்கத்துக்கு வந்தன.

இருந்தும் பலன் எங்கே தெரிந்தது என்றால், கழுத்தில். வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை, அவசரப் பிரிவில் கைச்சிரை அல்ட்ராசவுண்டைப் பழக்கிய பிறகு, 2006 முதல் 2011 வரையிலான ஆறு ஆண்டுகளில் அங்கே கழுத்து, மார்பு, தொடைக் குழாய்கள் போடுவது 80 சதவீதம் குறைந்தது என்று 2013-ல் வெளியிட்டது. மிகவும் குறைந்தது, அபாய நிலையில் இல்லாத நோயாளிகளிடம். அதாவது, அதுவரை அந்தக் குழாய்களில் கணிசமானவை, கையில் ஒரு சாதாரண ஊசி கிடைக்காத ஒரே காரணத்துக்காகப் போடப்பட்டவை.

இந்தியாவில் இந்த இயந்திரத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் 'ஸ்கேன்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கர்ப்பம்தான். ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கருவைக் கலைத்த கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதன்படி அல்ட்ராசவுண்ட் இயந்திரம் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது, யார் இயக்குகிறார்கள் என்பது அரசிடம் பதிவாக வேண்டும். தூக்கிப் போகும் இயந்திரங்கள் மீது சட்டத்தின் கண் இன்னும் கூர்மை. 2012-ல் திருத்தப்பட்ட விதி, அவற்றைப் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே அனுமதித்தது. பெண் சிசுக்களை இழந்த ஒரு நாட்டில் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் கையில் சிரை தேடும் இயந்திரம் வேறு, கருவறை பார்க்கும் இயந்திரம் வேறு என்று பிரிக்க வழியில்லை. கருவியின் முனையை மாற்றினால் இது அதுவாகிவிடும். 2018-ல் விற்பனைக்கு வந்த பட்டர்ஃப்ளை போன்றவற்றில் முனையைக்கூட மாற்ற வேண்டாம். செல்போனில் செருகும் ஒரே கருவி கைச்சிரையையும் காட்டும், கருவையும் காட்டும். ஆகவே டயாலிசிஸ் நோயாளியின் கையில் சிரை தேடுவதற்கு மட்டுமே வாங்கிய இயந்திரமானாலும் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் அதிகாரிகள் சீல் வைத்துவிடலாம்.